பெல்லட் கிரில்லில் எலும்பில்லாத வான்கோழி நெஞ்சுக்கறி: புதிதாகச் செய்பவர்களுக்கு

பெல்லட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை எரித்துப் புகையோடு சமைக்கும் அடுப்பு) வாங்கியாயிற்று, நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டும் ஆயிற்று. அமெரிக்காவில் இந்த நிலையில் இருக்கும் பலர் முதலில் கைவைப்பது பதினைந்து பவுண்டு முழு வான்கோழியில்தான். வேண்டாம். முழு வான்கோழியில் தொடைக்கறி நன்றாக இருக்க 175 டிகிரிக்கு மேல் போக வேண்டும். நெஞ்சுக்கறியோ 165ஐத் தாண்டியதும் காயத் தொடங்கிவிடும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். எலும்பில்லாத நெஞ்சுக்கறியில் இந்த இழுபறியே கிடையாது. ஒரே வகைக் கறி, ஓரளவு ஒரே கனம், இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடியும், துண்டு போடவும் சுலபம்.

(இந்தக் கட்டுரையில் டிகிரி என்றால் ஃபாரன்ஹீட்தான். 165 ஃபாரன்ஹீட் என்பது 74 செல்சியஸ்.)

ஒரே ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கறியில் கொழுப்பு கிடையாது என்றே சொல்லலாம். பன்றித் தோளோ பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறியோ இருபது டிகிரி கூடப் போனாலும் உள்ளே உருகும் கொழுப்பு தாங்கிக்கொள்ளும். வான்கோழி நெஞ்சில் இருப்பது தண்ணீர் மட்டும். அது வெளியேறிவிட்டால் எந்தக் குழம்பை ஊற்றினாலும் திரும்பி வராது. கீழே சொல்லியிருப்பதில் முக்கால்வாசி அந்தத் தண்ணீரைக் கறிக்குள்ளேயே வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான்.

வாங்கும்போது

கடையில் இது பொதுவாக இரண்டு வடிவங்களில் கிடைக்கும். உறைந்த பகுதியில், வலைக்குள் உருட்டிக் கட்டி, மூன்று பவுண்டு அளவில் இருப்பது ஒன்று. கறிக்கடைப் பகுதியில் எலும்பெடுத்து, உறையாமல் கிடைக்கும் அரை நெஞ்சு மற்றொன்று. இரண்டாவது கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் முதலாவதும் மோசமில்லை. ஆளுக்கு அரை பவுண்டு பச்சைக்கறி என்று கணக்கு வைத்தால் போதும், மறுநாளுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

எதை எடுத்தாலும் லேபிளின் சின்ன எழுத்தைப் படியுங்கள். இத்தனை சதவீதம் உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது என்று போட்டிருந்தால், தொழிற்சாலையிலேயே உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். உறைந்த உருட்டுக் கறியில் பெரும்பாலும் இப்படித்தான். அதற்கு வீட்டில் மறுபடி உப்புப் போட்டு ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது.

உறைந்ததை இளக்க ஃப்ரிட்ஜ்தான் சரியான இடம். நான்கைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு. மூன்று பவுண்டுதானே என்று கடைசி இரவு வரை விட்டுவைக்காதீர்கள், ஒன்றரை நாள் கொடுங்கள். அவசரமென்றால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கிவைக்கலாம். பவுண்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும், அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும், இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். சமையலறை மேடையில் இரவெல்லாம் போட்டுவைப்பது மட்டும் கூடவே கூடாது. 40லிருந்து 140 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

இன்னொன்று, நம் வீட்டு வழக்கம் பற்றி. மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் கறியை அடுப்பில் ஏற்ற நமக்கு மனசே வராது. ஆனால் கழுவுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கும் துளிகளில் ஏறி சிங்க், பக்கத்திலிருக்கும் தட்டு, கொத்தமல்லிக் கட்டு என்று பரவுகிறது. அதே விவசாயத் துறை கோழி வகைகளைக் கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பேப்பர் டவலால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், போதும். புகை ஒட்டுவதற்கும் மேல்பரப்பு சொதசொதவென்று இல்லாமல் இருப்பதுதான் நல்லது.

முதல் நாள் இரவு: உப்பு

கரைசல் ஏற்றாத கறிக்கு மட்டும் இது. வாளி நிறைய உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் முறையும் உண்டு, ஆனால் இவ்வளவு சின்னத் துண்டுக்கு அந்தப் பாடு தேவையில்லை. உப்பை நேரடியாகத் தடவுங்கள். மூன்று பவுண்டு கறிக்கு 15 கிராம். கரண்டிக் கணக்கு சொல்லாமல் கிராமில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கிடைக்கும் கோஷர் உப்பு எனும் கொரகொரப்பான உப்பில் டைமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்டு ஒரு மேசைக்கரண்டி சுமார் 10 கிராம்தான் வரும், மார்ட்டன் 15 கிராம் அளவில் வரும், சாதாரணத் தூள் உப்பு 18 கிராமாவது இருக்கும். ஒரே கரண்டி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். சமையல் தராசு இல்லையென்றால் இந்தச் சாக்கில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தடவிய கறியைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் இரவு முழுக்க விடுங்கள். முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரிலேயே கரைந்து, பிறகு மெல்ல உள்ளே இறங்கும். இறங்கிய உப்பு கறியின் புரதத்தைச் சற்றுத் தளர்த்துவதால் சூட்டில் அது இறுக்கிப் பிழிவது குறைகிறது. மேல்பரப்பும் காய்ந்து லேசாகப் பிசுபிசுக்கும்.

அரை நெஞ்சு ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் வாலாக மெலிந்தும் இருக்கும். அப்படியே வைத்தால் தடித்த பக்கம் வேகும்போது வால் சருகாகியிருக்கும். வாலை அடியில் மடித்து, பருத்தி நூலால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கட்டு போடுங்கள். கடையில் வாங்கிய உருட்டுக் கறியில் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் உறையை மட்டும் உரியுங்கள், உள்ளே இருக்கும் நூல் வலை அப்படியே இருக்கட்டும், அதுதான் உருவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் கிரேவி பாக்கெட் ஒன்றும் கூடவே இருக்கும், அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

தோல்? என் யோசனை, உரித்துவிடுங்கள். குறைந்த சூட்டில் வான்கோழித் தோல் மொறுமொறுப்பாகாது, ரப்பராகும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கடைசியில் 325க்கு மேல் ஏற்ற வேண்டும், அந்தச் சூட்டில் கறி தாண்டிப்போக அதிக நேரம் ஆகாது. பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலைக்குள் இருக்கும் உருட்டுக் கறியென்றால் தோல் இருந்துவிட்டுப் போகட்டும், பரிமாறும்போது எடுத்துவிடலாம்.

மசாலா

டெக்சஸ் மாநிலத்தின் மையப் பகுதி, ஆஸ்டினும் லாக்ஹார்ட்டும் இருக்கும் பக்கம், மாட்டுக்கறிக்குப் பேர்போனது. ஆனால் அங்குள்ள பார்பிக்யூ கடைகளில் வான்கோழி நெஞ்சும் கிடைக்கும். உப்பு, கொரகொரப்பாக உடைத்த மிளகு, பிற்பாடு வெண்ணெய், அவ்வளவுதான். நான் சொல்லப்போகும் முறையும் அதையொட்டியதுதான்.

மிளகை இடித்துத் தாராளமாகப் போடுங்கள், மூன்று பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி. கொஞ்சம் பூண்டுத் தூள், நிறத்துக்குப் பாப்ரிகா. ஒட்டுவதற்கு முதலில் லேசாக எண்ணெய் அல்லது மஞ்சள் நிற மஸ்டர்ட் பூசிக்கொள்ளலாம்.

வான்கோழி சப்பென்று இருக்குமே, நம் கறி மசாலாத் தூளைப் பூசினால் என்ன என்று தோன்றும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மல்லித்தூளும் மஞ்சளும் எண்ணெயில் வதங்கினால்தான் பச்சை வாசனை போகும். இங்கே இருப்பது 250 டிகிரி உலர்ந்த காற்று, அதில் தூள் மேலேயே உட்கார்ந்திருக்கும். கார மசாலா வேண்டுமென்றால் வெண்ணெயில் தாளித்துப் பிறகு சேருங்கள், அதற்கான இடம் கீழே வருகிறது.

கிரில்லைப் பற்றிக் கொஞ்சம்

பெல்லட் கிரில் 1980களில் ஒரிகன் மாநிலத்தில் பிறந்தது. மரத்தூள் பெல்லட்டால் வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் செய்துகொண்டிருந்த ஜோ ட்ரேகர் அதே யோசனையைச் சமையலுக்குத் திருப்பினார். அவருடைய காப்புரிமைக் காலம் 2000களில் முடிந்த பிறகுதான் மற்ற நிறுவனங்கள் வரிசையாக வந்தன. எந்தப் பெயரில் வாங்கியிருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பக்கவாட்டில் இருக்கும் ஹாப்பரில் பெல்லட்டைக் கொட்டுகிறீர்கள். ஆகர் என்ற திருகு மோட்டாரால் சுழன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. ஒரு சூட்டுக் கம்பி பற்றவைக்கிறது, ஃபேன் காற்றூதுகிறது. சூடு குறைந்தால் பெல்லட் கூட, அதிகமானால் குறைவு என்று கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது.

இந்த ஃபேன்தான் வசதிக்கும் காரணம், குறைக்கும் காரணம். காற்றோட்டம் நன்றாக இருப்பதால் மரம் சுத்தமாக எரிகிறது, அதனால் புகை மிதமாகவே வரும். விறகு போட்டு எரிக்கும் பெரிய ஸ்மோக்கரின் ருசி இதில் கிடைக்காது. ஆனால் வான்கோழி நெஞ்சுக்கு இந்த மிதம் பொருத்தம், ஏனென்றால் கடும் புகையில் இந்தக் கறி சீக்கிரம் கசந்துவிடும். கூடுதலாக வேண்டுமென்றால் தொடக்கத்தில் சூட்டைக் குறைத்து வையுங்கள், குறைந்த சூட்டில்தான் இந்த அடுப்பு அதிகம் புகையும். கறியையும் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வையுங்கள், குளிர்ந்த பரப்பில் புகை நன்றாகப் பிடிக்கும்.

பெல்லட்டில் ஆப்பிள், செர்ரி, பீக்கன், மேப்பிள் எல்லாம் வான்கோழிக்குச் சரிவரும். டெக்சஸ் ருசிக்கு ஓக். ஹிக்கரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மெஸ்கீட்டை இதற்குத் தொடாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு விற்கும் மலிவு பெல்லட்டை ஒருபோதும் போடாதீர்கள், அதில் பைன் போன்ற பிசின் மரங்களும் இன்னும் என்னென்னவோ கலந்திருக்கலாம். 20 பவுண்டு மூட்டை ஒன்று இருந்தால் கவலையில்லை, இந்தச் சூட்டில் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு பவுண்டுதான் எரியும்.

புதுக் கிரில் என்றால் கறி வைப்பதற்கு முன் ஒரு தடவை வெறுமனே 350 டிகிரியில் அரை மணி, முக்கால் மணி ஓடவிட வேண்டும். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து போவதற்காக. கூட வரும் கையேட்டில் அந்த மாடலுக்கான முறை இருக்கும்.

சமைக்கும் நாள்

கிரில் சுவரிலிருந்தும் மரவேலியிலிருந்தும் நன்றாகத் தள்ளி, திறந்தவெளியில் இருக்கட்டும். கராஜுக்குள் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தங்கும். அபார்ட்மென்ட் பால்கனி என்றால் முதலில் குத்தகை ஒப்பந்தத்தைப் பாருங்கள், பல இடங்களில் அனுமதி இல்லை.

தீக்கிண்ணத்தில் பழைய சாம்பல் இருந்தால் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். தொடங்கும்போது மூடி திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேடு சொல்வதுதான் சரி. முதலில் கனத்த வெள்ளைப் புகை வரும். அதில் கறியை வைக்காதீர்கள், அது கசக்கும். 10, 15 நிமிடத்தில் புகை மெலிந்து நீலம் பாய்ந்தாற்போல் ஆகும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக்கூடக் குறையலாம். அப்போதுதான் நேரம். 225க்கு வைத்து, சூடு நிலைத்ததும் கறியை நடுவில் வையுங்கள். தீக்கிண்ணத்துக்கு நேர் மேலே சில கிரில்களில் சூடு அதிகம், அந்த இடத்தை விட்டுத் தள்ளி.

தெர்மாமீட்டர் கம்பியைப் பக்கவாட்டிலிருந்து, நுனி கறியின் மிகத் தடித்த பாகத்தின் நட்டநடுவில் இருக்கும்படி செருகுங்கள். மறுபக்கம் எட்டி கம்பித் தட்டைத் தொட்டால் அளவு தாறுமாறாகக் காட்டும். கிரில்லோடு வரும் கம்பி தவிர, கையில் பிடித்துச் செருகிப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று தெரிய, ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றி நுனியை வையுங்கள், 32 காட்ட வேண்டும். சில வான்கோழிகளில் செருகியே வரும் பிளாஸ்டிக் பாப்-அப் குமிழை நம்பாதீர்கள், அது வெளியே குதிக்கும்போது நெஞ்சுக்கறி எப்போதோ காய்ந்து போயிருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் 225. பிறகு 275க்கு ஏற்றுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் சூடு சரிந்து மறுபடி ஏறும்.

கறியின் உள்சூடு 140 தொடும்போது நிறத்தைப் பாருங்கள். தேன் நிறம் தாண்டிச் சிவந்து, மிளகு ஒட்டிக் காய்ந்திருந்தால் அடுத்த வேலை. கனமான அலுமினியம் ஃபாயில் இரண்டு தாள்களை விரித்து, நடுவில் அரை ஸ்டிக் வெண்ணெய், சுமார் 57 கிராம், துண்டுகளாகப் போடுங்கள். காரம் கேட்ட நாக்குக்கு இதுதான் இடம்: அந்த வெண்ணெயை முன்னதாகவே உருக்கி, அதில் மிளகாய்த்தூளும் நசுக்கிய பூண்டும் இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்து ஊற்றலாம். கறியின் அழகான பக்கம் வெண்ணெயில் படும்படி கவிழ்த்து, ஆவி போகாமல் இறுக்கிச் சுற்றி, கம்பியை மறுபடி செருகி உள்ளே வையுங்கள். இனிப் புகை படாது, படவும் வேண்டாம், வேண்டிய அளவு பிடித்துவிட்டது. இப்போது வெண்ணெயும் கறிச்சாறும் சேர்ந்த ஈரத்தில் அது வேகும்.

உள்சூடு 160 காட்டியதும் எடுங்கள். கைத் தெர்மாமீட்டரால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள், மிகக் குறைவாகக் காட்டும் இடம்தான் கணக்கு. ஃபாயிலைப் பிரிக்காமல் மேடையில் 15, 20 நிமிடம் விட்டால் வெளிப்பக்கச் சூடு உள்ளே நகர்ந்து 165ஐத் தொடும். கோழி வகைகளுக்கு விவசாயத் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு அந்த 165. தொட்டதா என்று மறுபடி செருகிப் பாருங்கள். தொடவில்லை என்றால் திரும்ப உள்ளே.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், மூன்று பவுண்டுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்று சொல்லலாம். ஆனால் ஹூஸ்டனில் நவம்பர் வேறு, மினியாபொலிஸில் நவம்பர் வேறு. காற்று, குளிர், கறியின் கனம், மூடியை எத்தனை தடவை திறந்தீர்கள் என்பதைப் பொறுத்து முன்னே பின்னே போகும். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே முடியும்படி தொடங்குங்கள். சீக்கிரம் முடிந்துவிட்டால் ஃபாயிலோடு பழைய துண்டில் சுற்றி, ஐஸ் போடாத கூலர் பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரம் சூடு நிற்கும். உள்சூடு 140க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நடுவில் ஏதாவது ஆனால்

திரையில் காட்டும் சூடு இறங்கிக்கொண்டே போகிறதா? தீ அணைந்திருக்கலாம். ஹாப்பரில் பெல்லட் நடுவில் குழி விழுந்து ஓரங்களில் மட்டும் நின்றிருக்கும், அல்லது ஈரமான பெல்லட் உப்பி ஆகரை அடைத்திருக்கும். எதுவானாலும் உடனே மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீர்கள். அணைந்த பிறகும் ஆகர் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும், கிண்ணத்தில் பெல்லட் குவிந்திருக்கும். அந்தக் குவியல் ஒரேயடியாகப் பற்றினால் மூடியே தூக்கி அடிக்கும். கறியை வெளியே எடுத்துவிட்டு, கிரில் ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலி செய்து, பிறகு பற்றவையுங்கள். இதற்குள் நேரமாகும் என்று தெரிந்தால் கறியை வீட்டு ஓவனில் 275க்கு மாற்றிவிடுங்கள். புகை பிடித்தவரை லாபம்.

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடித்தால் மூடியை மூடி, கிரில்லை அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

நறுக்கியதும் ஓரத்தில் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று யாராவது முகம் சுளிப்பார்கள். புகையிலிருக்கும் வாயுக்கள் கறிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. எல்லா இடத்திலும் 165 தொட்டிருந்தால் வெந்துவிட்டது, நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

துண்டு போடுவதும் மிச்சமும்

நூலை வெட்டி எடுங்கள். கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே, கால் அங்குலக் கனத்தில் வெட்டுங்கள். உருட்டுக் கறியில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள், இரண்டின் நாரும் ஒரே திசையில் இருக்காது. ஃபாயிலில் நிற்கும் வெண்ணெய்ச் சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள். துண்டுகளின் மேல் அதை ஊற்றினால் பாக்கெட் கிரேவியே தேவைப்படாது.

சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். சூடுபடுத்தும்போது கொஞ்சம் சாறோ சிக்கன் ஸ்டாக்கோ தெளித்து, மூடி, மெதுவாக. மறுநாள் எனக்குப் பிடித்தது கொத்து பரோட்டா. வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை எல்லாம் ஆன பிறகு கடைசியில் பொடியாக நறுக்கிய வான்கோழியைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கினால் புகை வாசம் முழுசாக நிற்கும். ஏற்கெனவே உப்பேறிய கறி என்பதால் சால்னாவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிரில்லை ப்ளக்கைப் பிடுங்கி அணைக்காதீர்கள். ஷட்டவுன் பட்டனை அமுக்கினால் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெல்லட் எரிந்து தீரும்வரை ஃபேன் ஓடி, பிறகு தானாக நிற்கும். மறுநாள், நன்றாக ஆறிய பிறகு, சொட்டுத் தட்டின் ஃபாயிலை மாற்றி, சாம்பலை ஷாப் வேக் எனும் பட்டறை வேக்கூமால் உறிஞ்சி எடுங்கள். கங்கு இருக்கும்போது வேக்கூமை வைத்தால் அதுவும் சேர்ந்து எரியும். அடுத்த சமையல் சில வாரம் கழித்துத்தான் என்றால் ஹாப்பரில் மிஞ்சிய பெல்லட்டை இறுக்க மூடும் வாளியில் கொட்டிவைத்து, கிரில்லுக்கு உறை போட்டுவிடுங்கள்.